எங்க சந்துல எல்லாருக்கும் நாற்பது வருஷம்

பேத்தி ஜெனிஃபர் பி.காம் முதல் வருஷம். புள்ளியியல் பாடத்துக்காக இன்னைக்கு எங்க தாராவி சந்துல முப்பது வீட்டில், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"ன்னு கேட்கணும். பெருமையா நானும் கூடப் போனேன்.

பேப்பரைப் பார்த்ததும், சந்தை இடிச்சுட்டு, ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்கு மட்டும் புது வீடு கொடுக்கிற சர்வேன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க.

"நாற்பது வருஷம், எழுதிக்கோ."

போன வருஷம் குடிவந்த செல்வியும் அதையே சொன்னா.

"காலேஜ் பாடம்தாம்ட்டி," என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும், ஆச்சி."

இருபத்தொன்பது வீடும் நாற்பது. கடைசியா எங்க வீடு.

"எல்லாம் நாற்பதுன்னா, நானே உட்கார்ந்து எழுதினேன்னு மிஸ் முட்டை போட்டுருவாங்க. நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்க, ஆச்சி."

இருபத்திரெண்டு வருஷம். அது அவளுக்கே தெரியும். ஆனா அந்தப் பேப்பர் யார் கைக்குப் போகுமோ?

"நாற்பது," என்றேன்.

அதையும் எழுதிக்கிட்டா.

உங்க வாசலுக்கு வந்தா நீங்க எத்தனை சொல்லுவீங்க?