கிரகணத்தன்று மரம் வெட்டியவன்

எங்கள் மூத்த மகன் பிறந்தது மாசி மகத்துக்கு முந்திய நாள், வெள்ளிக்கிழமை. நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்; பட்டையைக் கத்தியால் கீறிப் பால் இறக்குவதைத்தான் மரம் வெட்டுவது என்போம். அது இலை உதிரும் பருவம். மரத்தில் பால் குறைவாக இருந்ததால் சீக்கிரமே வீடு திரும்பிவிடுவேன். அது நல்லதாகப் போயிற்று.

பிள்ளையின் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் திறந்து கிடந்தது. உறிஞ்சத் தெம்பில்லை. குடித்த கொஞ்சமும் மூக்கு வழியே வந்துவிடும். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் வாயைத் திறந்து பார்த்தார்.

"பினாங்குல தைச்சிடுவாங்க தம்பி. ஆனா இப்பவே தூக்கிக்கிட்டு ஓடாத. மொதல்ல சதை போடட்டும் லா. நிமித்திப் புடிச்சு, கரண்டியில, கொஞ்சம் கொஞ்சமாக் குடு."

மனைவி கிண்ணத்தில் பால் பீய்ச்சித் தருவாள், நான் ஊட்டுவேன். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து இளவட்டங்களுக்கு வேடிக்கை. "என்னண்ணே, காலையில மரத்துக்கிட்ட பால் வாங்குறீங்க, மத்தியானம் புள்ளைக்குக் குடுக்குறீங்க!" என்பார்கள். சிரித்துவிட்டுப் போவேன். எனக்குக் கவலையெல்லாம் வேறு. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். சாப்பாடு இறங்கவில்லை. கிண்ணத்தில் பால் நாளுக்கு நாள் குறைந்தது. அது நின்றுபோனால் பிள்ளை பினாங்குவரை பிழைத்திருக்காது.

காரணம், பிள்ளை பார்க்க வந்த என் அக்கா கேட்ட ஒரு கேள்வி.

"கெரகணத்தன்னிக்கு என்னாத்தடி வெட்டின?"

"மீன் வெட்டினேன் அண்ணி" என்று இவள் அழுதாள். எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது.

நாள் கிழமை விஷயத்தில் என்னிடம் யாரும் தப்ப முடியாது. ஊரிலிருந்து கப்பலில் வந்த பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, இவள் கருவுற்ற வைகாசியிலிருந்து தை வரை அக்கா முன்னால் வாசித்தேன். நம் கண்ணுக்குத் தெரியும் கிரகணம் ஒன்றுகூட இல்லை.

அக்கா அசரவில்லை. "அது ஊர்ல அச்சடிச்சது தம்பி. இந்த நாட்டுக் கெரகணம் அதுல எப்படி வரும்?"

பஞ்சாங்கத்தை மூடிவிட்டேன்.

"சரிக்கா. இங்க ஒரு கெரகணம் வந்துச்சுன்னே வச்சுக்குவோம். அன்னைக்கு நான் என்னா செஞ்சேன்? விடிஞ்சதிலேருந்து கத்தியும் கையுமா நெரை நெரையா மரம் வெட்டினேன். இவ வெட்டினது ஒத்த மீனு. எது பெரிய வெட்டு?"

"ஆம்பள வெட்டினா புள்ளைக்கு எப்படிடா ஒட்டும்?"

"ஏன், புள்ள எனக்கில்லையா?"

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நம்பினாளா, நம்ப விரும்பினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது பிள்ளை அவள் மடியில் நிமிர்ந்திருந்தது, கரண்டி அவள் கையில். "நீங்க ரொம்ப வேகமா ஊத்துறீங்க" என்றாள்.

ஆடி பிறந்ததும் டிரஸ்ஸர் போகலாம் என்றார். பினாங்குக்குப் போகக் கூலிமில் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கரண்டி கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்த கடைக்காரரை எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பிள்ளையை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா புள்ளைக்கு?"

அவள் தயங்கவே இல்லை. என்னைக் கைகாட்டி, "எல்லாம் இவரு வேலை நானா. கெரகணத்தன்னிக்குக் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா என்ன?"

"தப்புத்தான் நானா" என்றேன். அவள் நாலு பேர் நடுவில் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, ஊட்ட ஆரம்பித்தாள்.