தெற்குப் பார்த்த மனை

மனை பார்க்கப் போவதென்றால் எனக்குக் கொள்ளை சந்தோஷம். வேன் இலவசம், போய் இறங்கினால் கொடி கட்டிய பந்தலில் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். அம்மாவின் தம்பி அந்த மனை கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். கடலூரில் யாரைப் பார்த்தாலும், "மாமா, ஒரு மனை போட்டு வைங்க" என்பார். உறவே இல்லாதவர்களும் அவருக்கு மாமாதான்.

எங்கள் வீட்டில் அப்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். தப்பான இடத்தில் போட்டால் இன்னொரு முறை சேர்க்க முடியாது. அப்பாவுக்கு வெறும் மனைதான் வேண்டும். "மண்ணு பாட்டுக்குக் கெடக்கும். வாடக கேக்குற மூஞ்சியா இது?" என்பார். இரவல் கொடுத்த சைக்கிளைத் திருப்பிக் கேட்கவே கூச்சப்படுகிறவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அம்மாவோ அண்ணாமலை நகரில் ஒரு பழைய வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடலாம். "நீங்க கேக்க வேணாம், நான் கேட்டுக்கறேன்" என்பாள். இருந்தாலும் தம்பி பிழைப்பாயிற்றே என்று வேனில் ஏறிவிட்டாள்.

பொட்டலம் வருவதற்குள் நான் மனை ஓரத்து வேலிக்கருவை மரத்தடிக்கு விளையாடப் போனேன். கிளைக் கவட்டில் காய்ந்த சேறு, அதற்குள் நத்தை ஓடுகள். பாவாடை நிறையப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"எங்கடி பொறுக்குன?"

"மரத்துலம்மா. என் தோளு ஒசரத்துல இருந்துது."

அம்மா மரத்தைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள். ஓடுகளைப் புதருக்குள் கொட்டவைத்து, முதுகில் ஒன்று வைத்தாள். அநியாயம்! தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் நத்தை மரமேறும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாமா நோட்டும் பேனாவுமாக வந்தார். சுற்றிலும் வேனில் வந்த சனம். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தெக்கு பாத்த மனையாச்சேடா. எங்க ராசிக்கு ஆவாது" என்றாள்.

"நம்ம வீடே தெக்குதானம்மா" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று விழுந்தது.

மாமா சிரித்தார். "அட போக்கா. எனக்கு தெக்குதான் ராசி. இத நானே வெச்சிக்கறேன்."

சொன்னபடி, கமிஷனுக்குப் பதிலாக அந்த மனையையே எழுதி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா இருந்திருக்கிறாள். அவர் வந்ததோ பத்திரமும் ஜாங்கிரியுமாக. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். "இனிப்பு தூக்கலா இருக்குடா" என்றாள்.

நாங்கள் அண்ணாமலை நகருக்குக் குடிபோனோம். ஐந்தாம் தேதி தாண்டினால் அம்மா அறைக் கதவைத் தட்டிவிடுவாள். அப்பா அந்த நேரம் பார்த்துக் கடைக்குக் கிளம்பிவிடுவார். மாமா தன் மனையில் கடன் வாங்கி வீடு கட்டினார். இரண்டாவது மழைக்கே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நனைந்த மூட்டைகளோடு குடும்பமாக எங்களிடம் வந்து சேர்ந்தார். மாடியில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தாள் அம்மா. நான்கு வருடம் இருந்தார்கள். ஒரு நாளும் அந்தக் கதவை அவள் தட்டவில்லை.

"எங்க அக்கா மனசு யாருக்கு வரும்?" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார். அது காதில் விழுந்தால் போதும், அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். புகழ்ந்தால் எங்கள் அம்மாவுக்கு வெட்கம் வந்துவிடும் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் நான்.