நைசாக அரைத்த மாத்திரை

அந்த மத்தியானம் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அக்கா மட்டும் இல்லை. தீபாவளி சீசன், விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தாள்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வலிக்குக் காலையும் மாலையும் ஒரு மார்பின் மாத்திரை. அன்று காலை மாத்திரை மத்தியானத்துக்குள் மூன்று முறை இருமலோடு வெளியே வந்துவிட்டது. கடைசியில் அம்மா புது மாத்திரை ஒன்றைக் காகிதத்தில் வைத்து டம்ளர் அடியால் நசுக்கினாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில் ரசாயனப் பொடி சலிப்பவள். மெல்லிய துணியில் சலித்தும் எடுத்தாள்.

"கம்பெனி வேலையை இங்கனயும் ஆரம்பிச்சிட்டியா புள்ள" என்றார் அப்பா.

"நைசா இருந்தாத்தான் சட்டுனு பிடிக்கும். பேசாம குடிங்க."

நானும் தலையாட்டினேன். கஞ்சித் தண்ணீரில் கலந்தது சுலபமாக இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஓட்டின் இடுக்கு வழியே வந்த வெயிலில் தூசி மிதந்தது. அவரும் அதோடு மிதப்பதுபோல் இருந்தது.

"மல்லாங்கிணத்துல மழை பெய்யுது" என்றார், பிறந்த ஊரின் பெயரைச் சொல்லி.

"பெய்யட்டும், மழைன்னா மருந்து காயாது, எங்களுக்கு லீவு விடுவாக" என்று அம்மா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகான சிரிப்பு.

மார்பின் புண்ணை ஆற்றுவதில்லை. தண்டுவடத்திலும் மூளையிலும் அதற்கென்று இருக்கும் இடங்களில் போய் அமர்ந்து, வலியின் சேதியை மேலே போகவிடாமல் அமர்த்துகிறது. பிறகு கல்லீரல் அதை உருமாற்ற, சிறுநீரகம் வெளியே அனுப்புகிறது. மூச்சை இயக்கும் மூளையின் இடமும் அதன் பேச்சைக் கேட்டு அடங்கும். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அப்பாவின் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்டுகொண்டே போன அமைதிதான்.

இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பினேன். நசுக்காமல் முழுதாக விழுங்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கரைய வேண்டியதை ஒரே வாயில் கொடுத்துவிட்டோம். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாங்கி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட நான் அதைப் படித்ததில்லை.

ஆட்டோவில் அவர் தலை என் மடியில். "அப்பா, மூச்சு விடுங்க" என்பேன், விடுவார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். சாலையோரம் காய்ந்த கரிசலும் வேலிக்கருவையும் பின்னால் நழுவ, சொல்லிக்கொண்டே போனேன். அம்மா அவர் பாதங்களைத் தேய்த்தபடி, "சொல்லுய்யா, விடாம சொல்லு" என்றாள்.

சிறிய ஆஸ்பத்திரி. ஊசி போட்டதும் அப்பா பெருமூச்சுடன் கண் திறந்தார். மார்பின் அமர்ந்திருந்த இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிடும் ஊசி அது. மூச்சோடு வலியும் முழுசாகத் திரும்பியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானலே இருந்துச்சு. ஏன் எழுப்புன?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோவுக்கும் ஊசிக்கும் ஒரு நாள் கட்டிலுக்குமாக ஆயிரத்து நூற்றிருபது ரூபாய் ஆயிற்று.