மேசைக்கடியிலிருந்து வந்த பதில்

கல்லூரியில் பிரெஞ்சு படித்த நாளிலிருந்து அந்த நாட்டு வழக்கங்கள்மேல் எனக்கு ஒரு மயக்கம். ஜனவரியில் அங்கே கேக்குக்குள் ஒரு பாதாமை ஒளித்து வைப்பார்கள். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் உட்கார்ந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். பாதாம் கிடைத்தவருக்குக் கிரீடம்.

இந்த வருடம் ஷிப்மென்ட் நெருக்கடி. எக்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து களைத்து வந்துதான் கேக் செய்தேன்.

"பாதாமைக் கடிச்சுப் பல்லு போச்சுன்னா பிரான்சுக்காரன் கட்டித் தருவானா கண்ணு?" என்றார் மாமனார்.

நான்கு வயது மகள் மேசைக்கடியில் நுழைந்தாள். கணவர் ஒவ்வொரு துண்டாக வெட்டிக் கேட்க, "தாத்தாவுக்கு", "அப்பாவுக்கு", "எனக்கு" என்றாள். கடைசித் துண்டு கீழ் வீட்டு அக்காவுக்காம்.

"அப்ப அம்மாவுக்கு?"

"அம்மா திங்கமாட்டாங்கப்பா. போட்டோ எடுப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செல்போனைப் பிடித்திருந்த என் கை தானாக இறங்கியது. அவளுக்கு நல்ல நினைவுகள் வேண்டும் என்றுதான் இத்தனை பாடுபட்டேன். அந்த நினைவுகளில் நான் இல்லை.

குனிந்து மேசைக்கடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும் கொஞ்சம் குடு கண்ணு" என்றேன். தன் துண்டைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

எதைச் செய்தாலும் சரியா தவறா என்று யோசிப்பவள் நான். அன்று யோசிக்கவில்லை. முதுகு வலித்தது, எழுந்திருக்க மனம் வரவில்லை.