ஜெயந்தியின் கைக்கு ஒரு பிஸ்டல்

1. பல்பு

ஜெயந்தி முதல் நாள் சுட்ட பத்து பெல்லட் குண்டில் மூன்றுதான் டார்கெட் பேப்பரில் பட்டன. ஆறு பெல்லட் பின்னால் அடுக்கியிருந்த மணல் மூட்டைக்குள் போயின. மிச்சம் ஒன்று, பேப்பருக்கு வெளிச்சம் காட்டக் கீழே வைத்திருந்த பல்பை உடைத்தது.

"ஏட்டய்யா, அத்த சுட்டா எவ்ளோ பாயிண்டு?" என்று கேட்டார் ஜெயந்தி.

ஷெட்டில் இருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் போலீஸ் ஆயுதப்படையில் முப்பத்தோரு வருஷம் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைக் கழற்றுவது, துடைப்பது, ரிப்பேர் செய்வது, திரும்பப் பூட்டுவது என்று வாழ்க்கை அதிலேயே போனது. ரிடையர் ஆன பிறகு உத்திரமேரூரில் காதர் பாயின் மர டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஏர் பிஸ்டல் கிளப் தொடங்கினோம். காற்றழுத்தத்தில் சுடும் விளையாட்டுப் பிஸ்டல், பத்து மீட்டர் தூரம், ஒற்றைக் கையால் சுட வேண்டும். இடம் பாயுடையது, சொல்லிக் கொடுக்கும் வாய் என்னுடையது.

பெண்கள் டீமில் பாயின் மகள் நஸ்ரின், பள்ளிக்கூட ஆசிரியை சுமதி, இன்னொரு பெண் என்று மூன்று பேர் இருந்தார்கள். அந்த இன்னொரு பெண் கல்யாணம் ஆகி பெங்களூர் போய்விட்டாள். மாவட்ட மேட்சுக்கு நாலு வாரம்தான் இருந்தது. மூன்று பேர் இல்லை என்றால் டீமே கிடையாது. நஸ்ரினும் சுமதி டீச்சரும் ஒரு வருஷமாகத் தயார் செய்தவர்கள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயந்தி பக்கத்து ஊரான பெருநகரில் இருந்து மொபெட்டில் கேன் கட்டி பால் கொண்டு வருபவர். நாற்பது வயது இருக்கும். டிப்போவுக்குப் பால் ஊற்றிவிட்டு தினமும் ஐந்து நிமிஷம் ஷெட் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். நஸ்ரின்தான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேட்சுல என் பேர எய்துவாங்களா ஏட்டய்யா?"

"எய்தாம? ஸ்கோர் ஷீட்டுல உன் பேருதாம்மா இருக்கும்."

"வூட்டுக்காரரு பேரு வேணாமா?"

"அவரு பேரு எதுக்கு?"

"இல்ல, பால் சொசைட்டி கார்டு அவரு பேர்ல கீது. மாட்டு லோனும் அவரு பேர்லதான். கறக்கறது மட்டும் நானு. ஒரு எடத்துலயாச்சும் என் பேரு இருக்கட்டுமேன்னு பாக்கறேன்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கிளப் நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.

2. லேடீஸ் சைஸ்

பொம்பளை என்றால் சின்னதாக, லேசாக ஒன்றைக் கொடு. எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் இது. சின்ன ரிவால்வர்தான் கையில் அதிகம் உதைக்கும், கனமானது அடங்கி நிற்கும் என்று வேலையில் இருந்தபோது நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஏர் பிஸ்டலில் அந்த உதை இல்லை. ஆனால் பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் எந்தத் துப்பாக்கியும் சொன்ன பேச்சைக் கேட்காது. இவ்வளவும் தெரிந்த நான், கிளப்பிலேயே சின்னப் பிடி வைத்த லேசான பிஸ்டலை எடுத்து ஜெயந்தியிடம் நீட்டினேன். அவர் கையைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தேன்.

பத்து நாள் போராடினோம். குண்டு எல்லாம் கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் திசையில், கீழேயே இறங்கியது. குறி பார்க்கும் சைட்டை ஏற்றினேன், நிற்கும் கோணத்தை மாற்றினேன், மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"ஆள்காட்டி விரலு மட்டும் ட்ரிகர இழுக்கணும். மத்த விரலுங்க தூங்கணும்மா."

"தூங்குன்னுதான் சொல்லிக்கினு கீறேன். அதுங்க எந்திரிச்சிக்கிது."

காதர் பாய் எட்டிப் பார்த்தார். "ஏட்டய்யா, நாலு பல்பு மாத்திட்டேன். பேசாம டார்கெட்ட பல்பு கீற எடத்துல மாட்டிடலாமா?"

அப்பாவை முறைத்துவிட்டு நஸ்ரின் ஜெயந்தியிடம், "அக்கா, நீங்க சுடுங்க," என்றாள். ஆனால் அவள் குரலிலும் நம்பிக்கை குறைந்துபோயிருந்தது.

3. கௌரி விட்ட உதை

பதினோராம் நாள்தான் எனக்கு மூளை வேலை செய்தது. "எத்தினி மாடு கறக்கற?" என்று கேட்டேன். நாலு மாடு, ரெண்டு வேளை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்துப் பெருநகர் போனேன். கறப்பதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஜெயந்தி கௌரி என்கிற மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தார். பால் பாத்திரத்தில் சர் சர் என்று இறங்கியது. நான் அவர் கையையே பார்த்தேன். ஒரு விரல் அசைந்தால் கூடவே எல்லா விரலும் மடங்கின. இருபது வருஷமாக அந்தக் கைக்கு அதுதான் வேலை. பிஸ்டலையும் அது அப்படியேதான் கறந்துகொண்டிருந்தது. சின்னப் பிடியில் விரலுக்கு இடம் நிறைய, அதனால் மொத்தக் கையும் மூடி பிஸ்டலின் மூக்கைக் கீழே இழுத்துவிட்டது.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். எனக்குத்தான் எதையும் கையால் தொட்டுப் பார்த்தே பழக்கமாயிற்றே.

"நவுரும்மா, நான் ஒரு வாட்டி புட்ச்சி பாக்கறேன்."

"வேணாம் ஏட்டய்யா, அவளுக்குப் புது ஆளு ஆவாது."

ஆகவில்லை. ஒரே உதை. பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேட்டியோடு சாணியில் உட்கார்ந்திருந்தேன். ஜெயந்தியின் கணவர் சேகர் ஓடி வந்து தூக்கிவிட்டார். நல்ல மனுஷன், சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் திரும்பி நின்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் இருந்த ஐந்து பிஸ்டலையும் மேசையில் பரப்பினேன். "எது வோணுமோ எட்த்துக்கோம்மா," என்றேன். ஜெயந்தி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் கிடந்த பெரிய பழைய பிஸ்டலிடம் வந்தார். கனம் என்று ஆண்களே தொடாதது, எருமை என்றுதான் அதற்குப் பெயர்.

"இது நல்லா கீது. கை நெறைஞ்சி கீது, விரலு எங்கயும் ஓடல."

முதல் குண்டு எட்டு பாயிண்ட். அடுத்தது ஒன்பது. நஸ்ரின் சுமதி டீச்சரைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள். பாய் தேக்கு மரத்தூளைச் சலித்துக் கொடுத்தார். அதைப் பசையில் குழைத்துப் பிடியில் அப்பி, ஜெயந்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். காய்ந்ததும் அவர் உள்ளங்கை அச்சு அப்படியே விழுந்திருந்தது. கையையும் சும்மா சொல்லக் கூடாது. ரெண்டு வேளை நாலு மாடு கறந்த மணிக்கட்டு, எருமையை நீட்டிப் பிடித்தால் ஆடவே ஆடாது.

4. பெட்டிக்குள் போகாத எருமை

காஞ்சிபுரத்தில் மேட்ச். சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிஸ்டலையும் ஒரு அளவுப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே போனால்தான் அனுமதி. எருமை பாதி போய் நின்றுவிட்டது. நாங்கள் அப்பிய மரத்தூள் ஒரு நூல் அதிகம். பெட்டியை அளக்காமல் கையை மட்டும் அளந்துவிட்டேன். இத்தனை வருஷ ஆர்மரருக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

"பாஞ்சு நிமிஷம் டைம் குடுக்கறேன் சார். அப்பறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் செக்கிங்கில் இருந்தவர்.

ஜெயந்தி முதுகில் குத்தியிருந்த நம்பர் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் பெயர் இருந்தது.

அதற்குள் பாய் தன் வண்டிக்கு ஓடி, ஒரு மர அரத்தோடு வந்துவிட்டார். மர வியாபாரியின் வண்டியில் அது இல்லாமல் இருக்குமா? பிடியின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தோம். உள்ளங்கை படும் இடத்தில் அரத்தின் நிழல்கூட விழவில்லை. ரெண்டு தடவை வைத்துப் பார்த்தும் இடித்தது. மூன்றாவது தடவை உள்ளே போனது. செக்கிங் ஆளே "அப்பாடா" என்றார்.

அறுபது குண்டு, ஒன்றே கால் மணி நேரம். ஜெயந்தி ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தார். ஒரு குண்டுகூட பேப்பரைத் தாண்டவில்லை. டீமில் எங்களுக்கு மூன்றாம் இடம். வந்ததே மூன்று டீம்தான், அதனால் என்ன? மெடல் மெடல்தான். பாய் அங்கேயே எல்லோருக்கும் பிரியாணி சொல்லிவிட்டார்.

சர்டிபிகேட் எழுதும் மேசையில் இருந்தவர் ஜெயந்தி என்று எழுதிவிட்டு அடுத்த கோட்டில் பேனாவை வைத்தார்.

"வூட்டுக்காரரு பேரு சொல்லுங்கம்மா."

"அவரு மாட்ட பாத்துக்கினு வூட்ல கீறாரு சார்," என்றார் ஜெயந்தி. "சுட்டது நானு."

எழுதியவர் பேனாவைத் தூக்கிக்கொண்டார். பிறகு அந்தக் கோட்டைக் காலியாக விட்டுவிட்டு சீல் வைத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பில் பாதி வெட்கம். அந்த மனிதருக்கு முன்பே பத்து நாள் அதே வேலையைச் செய்தவன் நான். ஜெயந்திக்கு எது சரி என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்திருந்தேன்.

இப்போது எங்கள் கிளப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் நான் எந்தப் பிஸ்டலையும் எடுத்து நீட்டுவதில்லை. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு ரெண்டு அடி தள்ளி நின்றுகொள்கிறேன்.