மிச்ச நூல் வளையம்

இந்த மலேசிய வெயிலில் உல்லன் பின்னுகிற பைத்தியம் என்று ஈப்போவில் எனக்கு நெடுநாள் பெயர் உண்டு. அப்படிப் பெயர் வைத்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தொட்டில் போர்வை நான் பின்னியதுதான். அது போகட்டும். ஒவ்வொரு போர்வை முடியும்போதும் கையளவு நூல் மிஞ்சும். அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு எதையும் தூக்கி எறிய வராது.

மார்பில் கட்டி வந்து மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் போர்வை வேலை நின்றது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சின்னதாக எதையாவது பின்னிப் பார்ப்போம் என்று டின்னைத் திறந்தேன். வட்ட ஊசியில் எண்பது கண்ணி போட்டு, இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு எதிர்ப்பின்னல் என்று சுற்றிக்கொண்டே போனேன். அப்படிப் பின்னினால் நன்றாக இழுபடும். ஒரு நிறம் தீர்ந்த இடத்தில் கைக்கு வந்த அடுத்த நிறத்தை முடிந்துகொண்டேன். ஒரு சாண் உயரம் வந்ததும் முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் திறந்த வளையம், அவ்வளவுதான். தலையில் மாட்டி உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டால் தொப்பி. இறக்கிவிட்டால் கழுத்துக்குக் கதகதப்பு. மருந்து ஏற்றும் அறையில் ஏர்கான் எலும்பைத் துளைக்கும். அங்கே ஊசி குத்தாத கையை அதற்குள் விட்டுக்கொள்வேன். முடி கொட்ட ஆரம்பித்தபோது மிச்சத்தை நானே வழித்துவிட்டு, வளையத்தை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன்.

கடைசி மருந்தும் முடிந்த வாரத்தில் அண்ணி வந்தாள். அண்ணன் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை.

"மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நீ நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டேன்னு சொல்லிட்டேன். தலையில சந்தனம் பூசிக்கிட்டு வந்துரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எந்தக் கோயிலுன்னு கேட்டா?"

"குகைக் கோயிலுன்னு சொல்லு லா. அந்த நோயி குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சா பொண்ண எடுப்பாங்களா? முடியாதுன்னா வராம இருந்துரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தனம் பூசிய மொட்டையை எங்கள் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை என்பது உண்மைதான், கும்பிட்டு வழிவிடுவார்கள். ஆனால் மருந்து தின்ற முடியை முருகன் வாங்கிக்கொண்டான் என்று சொல்வது அவனுக்கே அடுக்குமா? நான் யார் குடியைக் கெடுத்தேன், ஒளிந்துகொள்வதற்கு? அண்ணியிடம் அப்படியே கேட்டேன். அவள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

கோபம் தணிந்ததும் பயம் வந்தது. என் வாயால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோனால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மருமகளையே போனில் கூப்பிட்டேன்.

"அவருக்குத் தெரியும் அத்தை. அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. ஒரு பொய்யச் சொல்லிட்டு அந்த வீட்டுக்குப் போனா, எத்தன வருசம் நான் அதக் காப்பாத்துறது? நீங்க வாங்க. கேட்டா உள்ளதச் சொல்லுங்க."

மண்டபத்துக்குப் பட்டுச் சேலையும் ஏழு நிற வளையமுமாகப் போனேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அண்ணி என்னை ஓரமாக இழுத்தாள்.

"கோமாளி மாதிரி என்னது இது? கழட்டிட்டு இதப் பூசு."

நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். கை கூப்பினார்.

"முருகனுக்கு முடி கொடுத்தீங்களாமே. எந்தக் கோயில்லக்கா?"

பின்வரிசை முழுக்கத் திரும்பி எங்களையே பார்த்தது.

"கோயில் இல்லம்மா, ஆஸ்பத்திரி. மாருல கேன்சர். மருந்துல கொட்டிருச்சு."

மேலே இருந்து ஏர்கான் காற்று நேராக என் பிடரியில் அடித்தது. ரப்பர் பேண்டை உருவி, வளையத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டேன். குளிர் ஒரு சாக்கு. வேண்டுமென்றேதான் செய்தேன். பார்க்க வேண்டியதை எல்லோரும் ஒரே தடவையில் பார்த்துக்கொள்ளட்டும். மேடையில் மருமகள் எழுந்து நின்றுவிட்டாள்.

அந்த அம்மா என் தலையைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"மருந்து எத்தன தடவ?"

"ஆறு. முடிஞ்சிருச்சு."

அந்த அம்மா, அண்ணி கையிலிருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, வந்தவர்களுக்கெல்லாம் வைப்பதுபோல என் புறங்கையில் சந்தனம் வைத்தார்.

"உள்ள வாங்கக்கா, இங்க காத்து அடிக்குது. தட்டு மாத்த நேரமாச்சு."

தட்டு மாற்றினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்யாணத்துக்குள் முடி வளர்ந்துவிடும்தானே என்று அண்ணன் மூலமாகக் கேட்டு அனுப்பினாள். வளர்ந்தால் வளரட்டும். கூறைப் புடவை என்ன நிறம் என்று மருமகளிடம் கேட்டேன். அரக்கு என்றாள். டின்னில் அரக்கு இருக்கிறது. எண்பது கண்ணி போட்டுவிட்டேன்.