சேற்றில் உட்கார்ந்த சம்பான்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களை நிறுத்திய வருஷம் அது. சுங்கை பாக்காப் தோட்டத்தில் வேலை போன என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஆற்றோரம் இருந்த எங்கள் பினாங்கு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் சம்பான் என்ற சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பினார். மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"பெருங்காத்து வரப்போகுதுண்ணே, இன்னிக்கு வேணாம் லா," என்றாள் மனைவி.

"சும்மா உக்காந்து எத்தனை நாளைக்குச் சோறு திங்கிறது? நீங்க வர்றீங்களா மாப்பிள்ளே?"

தடுக்கத்தான் வாயெடுத்தேன். சோற்றைப் பற்றிப் பேசிவிட்டவரிடம் என்ன சொன்னாலும் தப்பாகப் படும் என்று தோன்றியது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போவதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கரையோர மரங்களுக்குள் ஒதுங்கினோம். மழை விட்டபோது கடல் உள்வாங்கி ஆற்றிலும் தண்ணீர் வற்றி, சம்பான் சேற்றில் உட்கார்ந்திருந்தது. இறங்கித் தள்ளப் பார்த்த மச்சான் தொடைவரை புதைந்துபோனார். அவரை இழுத்து ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எங்களைத் தேடி வந்த மனைவி எதிர்க்கரையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கூப்பிட்டாள். நாங்கள் கையை மட்டும் ஆட்டினோம். மத்தியானம் முழுக்க, ஈரத் துணியோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் தண்ணீர் ஏறிய பிறகுதான் கரை சேர்ந்தோம். ஒரு மீன்கூட இல்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

"அண்ணனுக்குத்தான் மனசு சரியில்ல. நீங்களாவது வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.